நான் ஒதுக்கிய பலாக்கொட்டைகள்

பலாக்கொட்டையை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தவர்கள் நம் வயதுப் பெண்களில் யாராவது இருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்கள். நாம் சுட்டுத் தின்றிருப்போம், குழம்பில் போட்டிருப்போம், செம்மண்ணில் புரட்டி மூலையில் கொட்டி வைத்து ஐப்பசி வரைக்கும் ஓட்டியிருப்போம். எடை போட நமக்கு என்ன வேண்டிக் கிடக்கிறது? ஆனால் என் வீட்டில் இரண்டு வருடம் அது நடந்தது. ஒரே மரத்துக் கொட்டைகளை, பழம் பழமாக, கொட்டை கொட்டையாக எடை போட்டு, நீளம் அகலம் பார்த்து நோட்டில் எழுதினாள் ஒரு பிள்ளை. அந்த இரண்டு வருடத்தை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் போகும். எனக்குச் சொல்லிக்கொள்ளப் பெருமைகள் நிறைய உண்டு. இது அதில் சேராது.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஆடி விதைப்புக்கு முன்னால் விதை இல்லாத வீட்டுக்காரர்கள் இருக்கிற வீட்டில் வந்து கேட்டு வாங்கிப் போவது எங்கள் மலையில் வழக்கம். கொடுக்கிற வீட்டுப் பெண்கள் முறத்தில் போட்டுப் பொறுக்கி, உள்ளே பருப்பில்லாத பொக்கு, பூச்சி அரித்தது எல்லாம் தள்ளிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அன்றைக்குச் சின்ன அப்பன் அவரை விதை கேட்டு வந்தார். அம்மா காட்டில் இருந்தாள். நான் பெரிய மனுஷி மாதிரி பொறுக்காத கூடையிலிருந்தே இரண்டு படி அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் போயிருக்கும். சின்ன அப்பன் வந்து என் அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டைக் காட்டினார். சொட்டை விழுந்த தலை மாதிரி அங்கங்கே வெறுமண் கிடந்தது. அவர் திட்டவில்லை. "அண்ணன் ஊட்டு வெதையாச்சே, நான் போயி யாருகிட்டச் சொல்றது" என்று மட்டும் சொன்னார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அம்மா என் முன்னால் முறத்தை வைத்து ஒரு கூடை அவரையைக் கொட்டினாள். மூன்று நாள் பொறுக்கினேன். அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் எழுந்தபோது என் விரல் மாறிவிட்டிருந்தது. பொக்கு விதை தட்டுப்பட்டால் கண் பார்க்கும் முன்னே விரல் தள்ளிவிடும். வாக்கப்பட்டு இதே மலையில் குண்டனி நாட்டுக்கு வந்த பிறகு எங்கள் ஊரிலேயே எனக்கு அதனால் ஒரு பெயர். சாமை, அவரை, துவரை எதுவானாலும் விதைக்கு எடுக்கிற நாளில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் உட்கார்ந்தால் மற்ற பெண்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மறைப்பானேன்.

இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வருடம். எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நானும் அவரும்தான். ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியான பஸ்ஸிலிருந்து அந்தப் பிள்ளை இறங்கினாள். மலை வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி எடுத்து முகம் வெளுத்துப் போயிருந்தது. கையில் ஒரு பெரிய பை, மார்போடு அணைத்துப் பிடித்த ஒரு சின்னப் பெட்டி. பை கீழே விழுந்தாலும் விழட்டும், பெட்டியை விடமாட்டேன் என்கிற பிடி. பேருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொள்ளும் பெரிய படிப்பு படிக்கிறாள் என்று ஊர் வாத்தியார் சொல்லித்தான் என் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், மரவள்ளிக் காட்டு வரப்பில் ஒரு பலாமரம். மிளகுக்கொடி பாதி உயரம் ஏறியிருக்கும். அந்த ஒரு மரத்துப் பழம் முழுவதும் தனக்கு வேண்டும் என்றாள் அவள். பழம் தின்ன இல்லை, கொட்டைக்கு. சுளையை நாங்களே வைத்துக்கொள்ளலாமாம்.

"ஒரே மண்ணு, ஒரே மழை, ஒரே தாய். அப்பவும் கொட்டை எத்தனை விதமா வருதுன்னு பாக்கணும்மா" என்றாள்.

"ஒரு வயித்துல பொறந்ததுக ஒண்ணு மாதிரி இருக்காதுன்னு எங்களுக்கே தெரியுமே கண்ணு. அதுக்கு அளக்கோணுமா?"

"எவ்வளவு வேறன்னு தெரியாதில்லம்மா."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. இருந்துகொள் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு தராசு. நம் தராசு மாதிரி இல்லை. உள்ளங்கை அகலத் தட்டு, அதற்குக் கீழே சிவப்பாக எண் எரியும். கொட்டையை வைத்தால் ஐந்து கிராம், புள்ளி, இன்னும் இரண்டு எண் என்று சொல்லும். காற்று அடித்தால் எண் ஆடும். கதவைச் சாத்துவாள். நாங்கள் பக்கத்தில் நின்றால் மூச்சு விடாதீர்கள் என்பாள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு முறை மூச்சை அடக்கி நின்று, முகம் சிவந்து, எண் நின்ற பிறகு வெளியே ஓடினார். "பொண்ணுப் பாக்க வந்தவங்ககூட இத்தனை கெடுபிடி பண்ணலியே" என்று வாசலில் நின்று சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறந்து மூடும் ஓர் இரும்பு அளவுகோலும் வைத்திருந்தாள். கொட்டையை அதன் வாயில் கொடுத்து நீளம் பார்ப்பாள், திருப்பி அகலம் பார்ப்பாள். அந்த இரும்பின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. டிக். டிக். நாள் முழுக்க. வீடெல்லாம் பலாப்பழ வாசனை, ஈ, கதவுப் பிடியிலெல்லாம் பிசுக்கு. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கி முக்கி எங்கள் இருவர் கையும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது.

முதல் நான்கு பழங்களை அவளே பக்கத்தில் உட்கார்ந்து பிளந்தாள். அப்போதுதான் நான் பார்த்தேன், அவள் சப்பட்டைக் கொட்டைகளையும் எடை போட்டாள். பழத்துக்குப் பழம் உள்ளே வளராத கொட்டை கொஞ்சம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். தட்டையாக, தோல் மட்டும் இருக்கும். சுண்டைக்காய் அளவில் சில இருக்கும். உள்ளேயே முளை விட்டது, புழு ஓட்டை போட்டது. நான் அவற்றை எறியப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அதுவும் வேணும்மா."

"இந்தச் சப்பட்டையா?"

"ஒண்ணு விடாம எல்லாமே வேணும்."

அவள் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது, புரியவும் செய்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

ஆனால் அன்றைக்கு என் நாத்தனாரும் வந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக்காரருக்குத் தங்கை, அண்ணன் பெண்டாட்டி என்று என்னை நங்கை என்பாள், இரண்டு வீடு தள்ளித்தான் வாக்கப்பட்டிருந்தாள். அவள் வீட்டிலும் பலாமரம் உண்டு. ஒவ்வொரு வருடமும் அவள் மரத்துக் கொட்டையைப் பார்த்து நான் ஏதாவது சொல்லிவிடுவேன். "உம்பட மரத்துக்குப் பட்டினியா" என்று கேட்பேன். எங்கள் மரத்துக் கொட்டையைக் குழம்புக்குக் கொடுக்கும்போதுகூட நான் பொறுக்கித்தான் கொடுப்பேன். அதனால் எங்கள் மரத்தில் சப்பட்டையே கிடையாது என்று ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தப் பிள்ளை சப்பட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் பவுன் மாதிரி எடை போடுவதை நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங் நங்கை, உங்க மரத்துலயும் பட்டினிக் கொட்டை உண்டுங்களா?" என்றாள். பிறகு தராசைப் பார்த்து, "தங்கம் எடை போடற தராசாட்ட இருக்குது. பொய்யி சொல்லாது" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

ஆடி பிறந்து மழை தொடங்கிய வாரம்தான் அந்தப் பிள்ளை கீழே போக வேண்டி வந்தது. அவளுடைய கல்லூரியில் தினமும் ஏதோ வேலை இருந்தது. வாரம் ஒரு நாள் சேந்தமங்கலம் வந்து மலை பஸ் பிடித்து வருவாள். பழம் அவளுக்காகக் காத்திருக்குமா? பழுத்ததைப் பிளந்துதான் ஆக வேண்டும். ஆகவே துணிப்பைகள் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் எண் போட்டிருந்தாள். எழுத்து எனக்குத் தடுமாறும், எண் தடுமாறாது. ஒரு பழத்துக்கு ஒரு பை. பிளந்து, கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்தி, அந்தந்தப் பையில் போட்டு வைக்க வேண்டும்.

"உங்களை நம்பித்தான் போறேன்மா. இந்த வருசம் இது முடிஞ்சா எனக்கு ஒரு வேலை நிச்சயம். எங்கப்பா அதுவரைக்கும்தான் தவணை குடுத்திருக்கார்" என்றாள். அப்பா கொடுத்த தவணை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெண் பிள்ளைக்கு அப்பன் கொடுக்கும் தவணை எதற்கு என்று தெரியாதா?

ஐந்தாவது பழத்தைப் பிளந்தபோது நான் தனியாக இருந்தேன். கொட்டைகளைக் கழுவி முறத்தில் பரப்பினேன். விரல் தன் பாட்டுக்கு வேலை செய்தது. சப்பட்டை ஓரத்துக்குப் போனது, சிறுசு ஓரத்துக்குப் போனது. பாதியில் எனக்கு நினைவு வந்தது, ஒன்று விடாமல் என்றாளே என்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், தள்ளியதை அள்ளிப் பையில் போட்டிருக்கலாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விருந்தாளி மரியாதைக்காக எல்லாம் வேண்டும் என்று சொல்கிறாள், நாம் அதற்காகப் பொக்கையும் சொத்தையையும் கட்டிக் கொடுப்போமா என்று நினைத்தேன். இல்லை, இதுவும் இப்போது சேர்த்துக்கொண்ட சமாதானம். நாத்தனாரின் முகம்தான் அப்போது எனக்கு முன்னால் இருந்தது.

பையில் நல்ல கொட்டை மட்டும் போனது. ஒதுக்கியதை அன்றைக்கே உப்புப் போட்டு அவித்தேன்.

"என்ன புள்ள, இத்தனை சிறுசா இருக்குது?" என்றார் அவர் தட்டைப் பார்த்து.

"மேக்கொப்புப் பழம். அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஆடி முழுக்க அப்படித்தான் போனது. பையில் உருண்டு திரண்ட கொட்டைகள், எங்கள் தட்டில் மிச்சம். ஆறு, ஏழு, எட்டு என்று எண் ஏறிக்கொண்டு போனது. ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டு, மூடுபனியில் எதிர் வீடு தெரியாமல் கிடந்தோம். அந்த வாரம் தினமும் ஒதுக்கிய கொட்டைக் குழம்புதான்.

அந்தப் பிள்ளை முதல் வாரம் வந்தபோது பைகளைத் திறந்து எடை போட்டாள். முதல் பையிலேயே நெற்றி சுருங்கியது. தராசைத் துடைத்துத் திரும்ப வைத்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பைகள். ஆவணி ஆரம்பத்தில் அவள் நோட்டில் இரண்டு படம் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் நான்கு பழத்துக்கு ஒன்று, பிறகு வந்த பழங்களுக்கு ஒன்று. முதல் படம் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் அகலமான கரட்டு மேடு மாதிரி இருந்தது. இரண்டாவது, ஒரு பக்கம் வெட்டி எடுத்த மாதிரி செங்குத்தாக நின்றது.

"அம்மா, ஆச்சரியமா இருக்கு. மழைக்கு முன்னாடி பழுத்ததுல கொட்டை பெருசு சிறுசுன்னு கலந்து கிடக்கு. மழைக்கு அப்புறம் பழுத்தது எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. சின்னதையெல்லாம் மரமே நிறுத்திடுது போல. இதை யாரும் எழுதினதில்லை."

மரமே நிறுத்திவிடுகிறதாம். கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து நாத்தனாரும் மோர் வாங்க வந்து நின்றாள். அந்தப் பிள்ளை அவளிடமும் சொன்னாள்: இப்படி ஒரு மரத்தை நான் படித்த புத்தகத்திலும் பார்க்கவில்லை என்று. நாத்தனார் மோரை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தலையில் பூ வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பொய் என்று எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் அந்தப் பெருமை எனக்கு இனித்தது. மற்றதையெல்லாம்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். அந்த இனிப்பை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

புரட்டாசி பிறக்கும் முன்பு அவளுடைய பெரிய வாத்தியார் ஜீப்பில் வந்தார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. அவர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வீட்டுக்குள் வராமல் நேராக மரத்தடிக்குப் போனார். உச்சிக் கொப்பில் இன்னும் இரண்டு பழம் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை இறக்கித் தர முடியுமா என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் ஏறி, கயிறு கட்டி இறக்கினார். ஊர் பாதி அங்கே கூடிவிட்டது. நாத்தனாரும் இருந்தாள்.

வாத்தியாரே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிளந்தார். சுளையைப் பிதுக்கிக் கொட்டைகளை ஒரு துணியில் போட்டார். சப்பட்டை வந்தது. சுண்டைக்காய் அளவில் வந்தது. புழு விழுந்தது வந்தது. மழைக்குப் பிறகு பழுத்த பழம்தான் அது. துணியில் அவை விழ விழ நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். "முதல் நாலு பழமும் நீ அளந்தது. பாக்கியும் நீ அளந்தது. ஆனா ரெண்டும் ஒரே கை எடுத்தது இல்லை. பையில எண்ணிக்கையே குறையுது."

"அம்மா பிளந்து கழுவி வெச்சாங்க சார். ஒண்ணு விடாம எடுத்து வெக்கச் சொல்லியிருந்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. சும்மா ஒரு பெண்ணிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "ஏம்மா, நீங்க நல்லதா மட்டும் பொறுக்கிப் போட்டீங்களா? போட்டிருந்தா பரவாயில்லை, சொல்லுங்க. ஒண்ணும் குத்தமில்லை."

குற்றமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். எனக்கு எதிரே நாத்தனார் நின்றிருந்தாள். அவளுடைய கண் துணியில் கிடந்த சப்பட்டையில் இருந்தது. பிறகு என் மேல் வந்தது.

"இல்லீங்க" என்றேன். "நான் வெதை பொறுக்கறவ தானுங்க. ஆனா அடுத்தவங்க பொருளுல நான் கை வெக்க மாட்டேனுங்க. வந்தது வந்தபடி போட்டேன்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். அழவில்லை. கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டு எண் நிற்பதற்காகக் காத்திருப்பாளே, அந்தப் பார்வை பார்த்தாள். எங்கள் வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நின்றார். எத்தனை நாள் எத்தனை சிறுசு தின்றோம் என்று அவருக்குத் தெரியும். 

வாத்தியார் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவளிடம் தாழ்ந்த குரலில், "படம் அழகா வரணும்னு ஆசைப்பட்டுட்ட" என்றார்.  அவர் அந்த வருடத்து நோட்டை வாங்கி ஜீப்பின் முன் சீட்டில் போட்டார். அவள் பைகளையெல்லாம் எடுத்துக் கட்டினாள். போகும்போது "வாரேம்மா" என்றாள், எங்கள் பேச்சைப் பழகி வைத்திருந்தாள்.

அன்றைக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் பலாக்கொட்டை தின்னவில்லை. குழம்பில் போட்டால் ஒதுக்கி வைத்துவிடுவார். ஏனுங்க என்று கேட்டால், வயித்துக்குச் சேரவில்லை என்பார். போய்ச் சேரும் வரைக்கும் அதே பதில்தான்.

மறுவருடம் ஆனியில் அவள் திரும்ப வந்தாள்.

நான் எதிர்பார்க்கவில்லை. அதே பெட்டி, அதே வாந்தி, கொஞ்சம் இளைத்திருந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்களாம். காத்திருந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அப்பா கொடுத்த தவணை என்னாயிற்று என்று கேட்டேன். "இன்னொரு வருசம் கெஞ்சி வாங்கியிருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு இலையில் இருந்ததைச் சாப்பிட்டாள்.

அந்த வருடம் அவள் கீழே இறங்கவே இல்லை. ஆனியிலிருந்து ஆவணி முடிய எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எல்லாப் பழத்தையும் அவளே பிளந்தாள். நான் கழுவிக் கொடுக்கட்டுமா என்றால், "நீங்க உக்காருங்கம்மா" என்பாள். ஒரு வார்த்தை முகம் கோணச் சொன்னதில்லை. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடிக்கிற ஒவ்வொரு மடக்கிலும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று போர்த்திக்கொள்வேன். சப்பட்டை மழைக்கு முன்னாலும் வந்தது, மழைக்குப் பிறகும் வந்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். டிக். டிக்.

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. காலையில் கடைசிப் பழத்தின் கொட்டைகளை எடை போட்டு முடித்திருந்தாள். ஒவ்வொரு கொட்டையிலும் சின்னதாக எண் எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் என் முறத்தில் கொட்டி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். கதவு சாத்தியிருந்தது.

"அம்மா, ஒரு உதவி. விதைக்குப் பொறுக்கற மாதிரி இதைப் பொறுக்கித் தாங்க. நீங்க எதை ஒதுக்கறீங்கன்னு நான் எழுதிக்கறேன். அது தெரிஞ்சா போன வருசப் பையில எது குறைஞ்சதுன்னு காட்டிடலாம். நான் பொய் எழுதலைன்னு சாருக்குப் புரிஞ்சுடும்."

நான் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார் கை எடுத்ததுன்னு எழுத மாட்டேன்மா. எங்கேயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போன வருடம் அந்த மரத்தடியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என் கையால் சோறு தின்றிருக்கிறாள், எனக்கு ரசம் வைத்திருக்கிறாள். வாயால் கேட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று, கையால் சொல்ல ஒரு வழி செய்து கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நாத்தனார் இல்லை, ஊர் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முறத்தை மடியில் வைத்தேன். விரல் ஒரு சப்பட்டையில் பட்டது. உடனே தள்ளப் போனது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன். எட்டு வயதுக்கு அப்புறம் முதல் தடவையாக என் விரலை நானே பிடித்து நிறுத்தினேன். மெதுவாக, யோசிக்கிற மாதிரி, முறத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். முளை விட்டது ஒன்று, ஓட்டை விழுந்தது ஒன்று, இரண்டை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இது ரெண்டுதான் கண்ணு. மத்ததெல்லாம் நல்ல கொட்டை. எங்க மரத்துல பொறுக்கறதுக்கு என்ன இருக்குது."

அவள் அந்த இரண்டையும் பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள். சப்பட்டைகள் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தன. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

"சரிங்கம்மா" என்றாள். இரண்டின் எண்ணையும் நோட்டில் எழுதினாள். இரும்பு அளவுகோலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். முறத்தில் இருந்ததை எடுத்துக்கொள்ளவில்லை. "குழம்புக்கு வெச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, குனிந்து என் காலைத் தொட்டாள். அவள் படிப்பு முடிந்ததா, அந்த முதல் வருடத்துப் பழி தீர்ந்ததா, அப்பா என்ன செய்தார், எதுவும் எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவள் மலைக்கு வரவில்லை. நானும் கீழே போய்த் தேடவில்லை. தேடுகிற தூரம்தான்.

மத்தியான பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். விரலை விட்டுவிட்டேன். அது போன போக்கில் போனது. சப்பட்டை, சிறுசு, சுருங்கியது, எல்லாம் ஓரத்துக்குப் போய் விழுந்தன. பஸ் முதல் வளைவில் ஹாரன் அடித்தபோது பொறுக்கி முடித்திருந்தேன். ஒதுங்கியதை எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று. எண் எனக்குத் தடுமாறாது. இன்னொரு முறையும் எண்ணினேன், அறுபத்து மூன்றுதான். அதை எழுதிக்கொள்ள வேண்டியவள் மலை இறங்கிக்கொண்டிருந்தாள்.